நடேசய்யர் நமக்கு யார்?

சில ஆண்டுகளுக்கு முன்னர், சுங்கை புரோங் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கென நடந்த பேச்சுப் போட்டி ஒன்றிற்குப் பார்வையாளனாகச் சென்றிருந்தேன். 'நான் போற்றும் தலைவர்' என்பது தலைப்பு. பேசிய மாணவர்கள் எதிர்பார்த்த பெயர்களையே எடுத்துக்கொண்டனர். காந்தியடிகள் நான்கு முறை வந்தார். நேரு இருமுறை வந்தார். எஞ்சியோர் நம் நாட்டுத் தலைவர்களைப் பாடினர். இறுதியாக மேடையேறிய மாணவி ஒருத்தி, கோ. நடேசய்யர் என்னும் பெயரைச் சொன்னாள். இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளர்க்காகச் சட்டமன்றத்தில் பேசிய முன்னோடி என்றாள். பாட்டனார் வீட்டில் வைத்திருந்த பழைய நூல் ஒன்றில் படித்ததாகப் பின்னர் எனக்குக் கூறினாள்.

நடுவர்களுள் ஒருவர் தம் கருத்துரையில் சொன்னார்: "பேச்சு நன்றாகவே இருந்தது, அம்மா. ஆனால், அந்த ஐயர் நமக்கு யார்? எல்லாருக்கும் தெரிந்த தலைவர் ஒருவரை எடுத்துக்கொண்டிருக்கக் கூடாதா?"

அரங்கில் சிலர் சிரித்தனர். மாணவி விடை கூறவில்லை. தலை கவிழ்ந்து அமர்ந்துவிட்டாள். சிறுமியாகையால் அவளால் கூற இயலவில்லை. அங்கிருந்த பெரியவர்களாகிய நாமும் கூறவில்லையே என்பதுதான் அன்று முதல் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த நடுவர் தீயவர் அல்லர், தமிழ்ப் பற்றுடையவர், பலரையும் படிக்க வைத்தவர். அவர் வாய்வழி வந்த வினா நம் அனைவரின் உள்ளத்திலும் உறங்கும் வினாவே. ஆகவே, அன்று சொல்லப்படாத விடையை இக்கட்டுரையில் சொல்ல முற்படுகிறேன்.

துணிமூட்டையும் தோட்ட வாயிலும்

நடேசய்யர் 1887இல் பிறந்தவர். தஞ்சைத் தரணியைச் சேர்ந்தவர். அங்கே வணிகர்களுக்காக 'வர்த்தக மித்திரன்' என்னும் இதழை நடத்தியவர். அவ்விதழின் தொடர்பால் கொழும்பு நகரத்து வணிகரிடையே வந்து சேர்ந்தார். வணிகரோடு வணிகராக இருந்து பொருளீட்டித் திரும்பியிருந்தால் அவரை இன்று யாரும் பேசவேண்டியதில்லை. அவரோ, கொழும்பு வணிகரின் செல்வம் விளைகின்ற மலைநாட்டைக் காண விரும்பினார்.

அந்நாளில் அஃது எளிதன்று. தேயிலைத் தோட்டம் என்பது நாட்டுக்குள் ஒரு தனி நாடு. துரையின் இசைவின்றி அயலார் எவரும் உள்ளே கால் வைக்கலாகாது. வைத்தால் அத்துமீறி நுழைந்தவர் என்று வழக்குத் தொடுக்கலாம். உள்ளே இருப்பவர் வெளியேறுவதும் அரிது. கங்காணியிடம் பட்ட கடனுக்குத் 'துண்டு' என்றொரு சீட்டு இருந்தது. கடனைத் தீர்த்து அச்சீட்டைப் பெற்றாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குச் செல்ல இயலாது. இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்படும் வரையில், ஒரு குடும்பத்தின் விலையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கைமாற்றும் கொடுமை அங்கே நடந்தது.

நடேசய்யர் என்ன செய்தார்? துணி விற்கும் வணிகரைப் போல் வேடம் பூண்டு, மூட்டையைத் தோளில் சுமந்து தோட்டங்களுக்குள் நுழைந்தார். லயங்களின் வாயிலில் அமர்ந்து புடவை விரித்தார். அவர்கள் சொன்னவற்றைக் கேட்டார். கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, பிள்ளைகள் எத்தனை, இருந்தவை எத்தனை, இறந்தவை எத்தனை என்பனவெல்லாம் புடவை விலை பேசும் பேச்சினூடே வெளிவந்தன. கண்டதையும் கேட்டதையும் எழுத்தில் வடித்து இந்தியாவில் உள்ளோர்க்கு அறிவித்தார்.

அவருடைய பெயரின் ஈற்றைக் கேட்டு முகம் சுளிப்பாரும் நம்மிடையே உளர். பிறப்பைக் கொண்டு மனிதரை அளப்பது தவறு என்று நாம்தாமே மேடைதோறும் முழங்குகிறோம்? அவ்வளவுகோல் எதிர்த் திசையிலும் செல்லவேண்டாமா? தொழிலாளி குடியிருக்கும் பத்தடி அறையின் வாயிலில் போய் உட்கார்ந்து, அவன் குறையைக் கேட்ட மனிதரை அவர் செயலால் அளப்போம்.

அச்சும் பாட்டும்

பின்னர் அவர் இலங்கையிலேயே தங்கினார். 1921இல் 'தேச நேசன்' இதழில் ஆசிரியப் பணி ஏற்றார். 1924இல் 'தேசபக்தன்' இதழைத் தொடங்கினார். ஆங்கிலத்திலும் ஏடுகள் நடத்தினார். துரைமாரும் பெரிய கங்காணிமாரும் விரும்பாத செய்திகள் அவ்வேடுகளில் வந்தன. அரசு அவரை ஐயக்கண்ணோடு நோக்கியது. அவருக்கு அது பெருமையே ஆயிற்று.

தமிழாசிரியர்களாகிய நாம் இங்கே சற்று நிற்கவேண்டும். நடேசய்யர் அரசியலுக்குப் போன எழுத்தாளர் என்று மட்டும் சொல்லுதல் குறைவாகும். அவர் எழுத்தைத் தொழிலாளியின் கைக்கருவியாக்க முயன்றவர். 'நீ மயங்குவதேன்', 'வெற்றியுனதே', 'அழகிய இலங்கை' ஆகிய நூல்களை எழுதினார். 'இராமசாமி சேர்வையின் சரிதம்' என்னும் நாடகத்தில் தோட்டத் தொழிலாளியின் வாழ்வையே கதையாக்கினார். ஆங்கிலம் அறிந்த ஆளுவோர் படிக்கவேண்டுமென்று 'பிளாண்டர் ராஜ்' என்னும் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். துரைமாரின் ஆட்சி, நாட்டின் ஆட்சிக்குள் நடக்கும் இன்னோர் ஆட்சி என்று அந்நூலின் தலைப்பே எடுத்துக்காட்டியது.

எழுதியதைப் படிக்க அவர்களுக்கு எழுத்தறிவு இருந்ததா? பெரும்பாலோர்க்கு இல்லை. இங்கேதான் அவர்தம் துணைவியார் மீனாட்சி அம்மாள் வரலாற்றில் வந்து நிற்கிறார். 'தேசபக்தன்' இதழ்ப் பணியில் பங்கேற்ற அவ்வம்மையார், தொழிலாளர் துயரைப் பாட்டாக எழுதினார். மக்கள் முன்பே அறிந்த மெட்டுகளில் அப்பாட்டுகளை அமைத்துக் கூட்டங்களில் தாமே பாடினார், அச்சிட்டும் வழங்கினார். படிக்கத் தெரியாதவர் செவியால் படித்தனர். ஒரு கூட்டத்தில் கேட்டவர் மறுநாள் கொழுந்து பறிக்கையில் அதனை முணுமுணுத்தால், துரையின் எந்தச் சட்டம் அதனைத் தடுக்கும்? பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த காலத்தில் இதனைச் செய்தவர் அவர். நம் பாடநூல்களில் பெண்பாற் புலவர் வரிசை ஔவையாரோடு தொடங்கிச் சிலரோடு முடிந்துவிடுகிறது. தோட்டத்துப் பெண்களுக்காகப் பாடிய மீனாட்சி அம்மாளுக்கு அவ்வரிசையின் ஓரத்திலேனும் இடமில்லை.

அவையில் ஒரு குரல்

1924ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி இலங்கைச் சட்டநிரூபண சபையில் இந்தியர்க்கென இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்விரண்டில் ஒன்று 1925இல் நடேசய்யருக்குக் கிடைத்தது. அன்று வாக்குரிமை, சொத்தும் வருவாயும் கல்வியும் உடையோர்க்கே உரியதாக இருந்தது. தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோர் அவருக்கு வாக்களித்திருக்கவே இயலாது. தமக்கு வாக்களிக்க இயலாதவர்க்காகப் பேசிய சட்டமன்ற உறுப்பினர் அவர். வாக்குப் பெறுவதற்காகவே தோட்டத்து வாயிலை மிதிப்போரைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்.

அக்காலத்தில் கொழும்புத் தொழிலாளர் தலைவராக விளங்கியவர் ஏ. ஈ. குணசிங்கா. அவருடன் நடேசய்யர் தோளோடு தோள் நின்றார். அவருடைய தொழிலாளர் சங்கத்தின் துணைத்தலைவராகவும் இருந்தார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின்கீழ் நின்ற அழகிய காலம் அது. ஆனால், இந்தியத் தொழிலாளர்க்கு எதிரான பேச்சு அவ்வியக்கத்திலேயே தலைதூக்கியபோது, 1928 அளவில் நடேசய்யர் பிரிந்தார். 1931இல் அட்டனை நடுவமாகக் கொண்டு இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். தோட்டத் தொழிலாளர்க்கென்றே தோன்றிய முதல் தொழிற்சங்கம் அதுவே. தோட்டத்துக்குள் கூட்டம் போட முடியாது. ஆகவே மலைநாட்டு நகரங்களில் கூட்டம் போட்டார். மக்கள் கால்நடையாக மலையிறங்கி வந்தனர்.

அதே 1931இல் டொனமூர் அரசியலமைப்பு வந்தது. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை என்றது. ஆனால் இந்திய வம்சாவளியினர்க்கு மட்டும் நிரந்தரக் குடியிருப்பை மெய்ப்பிக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளைப் பூட்டியது. கதவைத் திறந்துவிட்டு வாயிலில் காவலாளியை நிறுத்தியது போன்ற செயல் அது. அந்தக் கதவின் வழியாகவும் பல்லாயிரம் தொழிலாளர் உள்ளே வந்து வாக்காளராயினர். 1936இல் நடந்த தேர்தலில் அட்டன் தொகுதி நடேசய்யரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. முன்பு வாக்கில்லாதவர்க்காகப் பேசியவர், இப்போது அவர்கள் வாக்காலேயே அவையேறினார். அப்பதவியில் 1947 வரை இருந்தார்.

தேர்ந்தெடுக்கப்பட்டோர் 50 பேர் அமர்ந்த அவையில் ஒருவருடைய கை உயர்வதால் சட்டம் மாறிவிடுமா? மாறாது. ஆனால், தோட்டத்தில் ஒரு தொழிலாளி அடிபட்டால் மறுநாள் அட்டனில் அச்சேறும், மறுவாரம் அவையில் ஒலிக்கும் என்னும் நிலை வந்தது. அடிக்க ஓங்கிய கை சற்றே தயங்கும். அந்தத் தயக்கமே தோட்டத் தொழிலாளியின் வரலாற்றில் முதல் வெற்றி.

மூன்று மறுப்புகள்

இனி, எதிர்வாதங்களை ஒளிக்காமல் எடுத்துரைப்போம்.

முதலாவது: அவர் சச்சரவுக்காரர், யாரோடும் ஒத்துப் போகாதவர் என்பது. இதில் உண்மை உண்டு. குணசிங்காவோடு சேர்ந்தார், பிரிந்தார். 1939இல் நேரு இலங்கை வந்த சூழலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் தோன்றியபோது, மலையக மக்களுக்கு ஒரு பெரிய அமைப்புக் கிடைத்தது. அதனோடு ஒன்றித் தம் சம்மேளனத்தையும் அதில் கரைத்திருந்தால் இயக்கம் இன்னும் வலுப்பெற்றிருக்கலாம். அவர் தம் வழியிலேயே சென்றார். அவருடைய அமைப்பு அவரையே அச்சாணியாகக் கொண்டு சுழன்றது. அச்சாணி கழன்றதும் தேர் நின்றது. இது குறைதான். இக்குறையையும் சேர்த்தே மாணவர்க்குச் சொல்லவேண்டும். அப்பழுக்கற்ற தெய்வமாக ஒருவரை நிறுத்தினால் மாணவன் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவான். தவறும் உடைய மனிதராக நிறுத்தினால்தான், 'நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்?' என்று எண்ணத் தொடங்குவான்.

இரண்டாவது: அவர் தோற்றவர் என்பது. 1947 தேர்தலுக்குப் பின் அமைந்த நாடாளுமன்றத்தில் அவருக்கு இடமில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள்ளேயே மறைந்தார். அதே தேர்தலில் காங்கிரஸ் சார்பில் மலையகத்திலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவர் தலவாக்கொல்லைத் தொகுதியில் வென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அந்த ஏழு பேருக்கும் வாக்களித்த மக்களை வாக்காளராகச் சிந்திக்கப் பழக்கியவர் யார்? இருபதாண்டுகளுக்கும் மேலாக ஏட்டிலும் மேடையிலும் அவையிலும் உழுது வைத்த நிலத்தில்தான் பின்வந்தவர் விதைத்தனர். உழுதவன் அறுவடை நாளில் வயலில் இல்லை என்பதால் அவன் உழவன் இல்லையென்று ஆகிவிடுமா? சுங்கை புரோங் நெல்வயல்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

அந்த அறுவடையும் நிலைக்கவில்லை என்பது வரலாற்றின் கொடுமை. 1948இல் இலங்கை விடுதலை பெற்றது; அவ்வாண்டே வந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அவர்களின் வாக்குரிமையையும் பறித்தது. 1947இல் ஏழு பேர் சென்ற அவைக்கு 1952இல் அம்மக்கள் சார்பில் ஒருவரும் செல்லவில்லை. 1977இல் சௌ. தொண்டமான் தேர்தலில் வென்று அவை புகுந்தபோது 30 ஆண்டுகள் உருண்டோடியிருந்தன. இடையில், 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களைக் கணக்குப் போட்டுப் பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றது. அவையில் குரலற்ற மக்கள் எண்களாகிப் போயினர். ஒரு குரலின் மதிப்பு என்ன என்று கேட்பவர்க்கு இந்த எண்களே விடை. எஞ்சியோர் குடியுரிமைச் சிக்கல் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

மூன்றாவது மறுப்பே அந்த நடுவருடையது: அவர் நம் நாட்டவர் அல்லர் என்பது. இதற்குச் சற்று விரிவாக விடை கூறவேண்டும்.

ஒரே துயரின் இரு கரைகள்

மண்டபம் முகாம் வழியாகத் தலைமன்னாரில் இறங்கியவரும், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவரும் ஒரே ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள். பல வேளைகளில் ஒரே குடும்பத்தினர். அங்கும் கங்காணி, இங்கும் கங்காணி. அங்கும் லயம், இங்கும் லயம். அங்கும் பெரட்டு, இங்கும் பெரட்டு. இரு நாடுகளுக்கும் தொழிலாளரை அனுப்புவதை ஒழுங்குபடுத்தியது 1922ஆம் ஆண்டின் ஒரே இந்தியக் குடிபெயர்வுச் சட்டம். அச்சட்டத்தின்படி இரு நாடுகளிலும் இந்திய அரசின் முகவர்கள் அமர்த்தப்பட்டனர். ஒரு மரத்தின் இரு கிளைகளுள் ஒன்றின் வரலாறு மற்றதற்கு அயல் வரலாறு ஆகுமா?

அந்நாளில் நம் மண்ணில் அவைகள் எப்படி இருந்தன என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். இணைந்த மலாய் மாநிலங்களின் கூட்டரசு மன்றம் 1909இல் அமைந்தது. அதில் முதல் இந்தியராக வழக்கறிஞர் எஸ். என். வீராசாமி இடம்பெற்றது 1928இல்தான். அவ்விடமும் நியமனத்தால் வந்தது. தோட்டத்து மக்களின் வாக்கால் வந்ததன்று. வீராசாமியின் பெயரை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்? இதனை எழுதும்போது எனக்கே நாணமாக இருக்கிறது. நடேசய்யரை அயலார் என்று தள்ளிவிட்ட நாம், நம் மண்ணிலேயே முதன்முதலில் அவை புகுந்தவரையேனும் போற்றுகிறோமா என்றால், அதுவும் இல்லை. ஆகவே, மறதிக்கு நாட்டெல்லையைச் சாக்காகக் கூறுவது பொருந்தாது.

இன்னோர் ஒப்புமை. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மாண்புமிகு வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் மலாயா வந்து இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்தார். 1937இல் அவரது அறிக்கை வெளிவந்தது. அவரும் தஞ்சை மாவட்டத்தவரே. உலகப் புகழ்பெற்ற நாவலர்; நேர்மையாளர். ஆனால், அவருடைய அறிக்கை மலாயாவிலிருந்த இந்தியத் தலைவர்களுக்கு ஏமாற்றமளித்தது. தோட்ட வாழ்வின் அடியாழத்துக் குமுறலை அது காட்டவில்லை என்று அவர்கள் குறை கூறினர். மறு ஆண்டே, 1938இல், இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தியது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர். எச். நாதன் சிறைப்பட்டு நாடுகடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் உயிரிழந்தனர்.

அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை நம் மாணவர்கள் ஒருமுறையேனும் படிக்கவேண்டும். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, பெண்களிடம் தகாதவாறு நடப்பதை நிறுத்துதல், கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு இன்னும் இரண்டு: உற்றாரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போகவேண்டும், துரையின் எதிரே மிதிவண்டியை விட்டிறங்காமல் செல்ல இசைவு வேண்டும்.

தஞ்சையிலிருந்து வந்த இருவரில் ஒருவர் அதிகார வாயில் வழியே வந்தார். மற்றவர் துணிமூட்டையோடு லயத்து வாயிலுக்குப் போனார். முன்னவருடைய அறிக்கை வந்த நான்கே ஆண்டுகளில் மக்கள் தாமே தம் அறிக்கையைத் தெருவில் இறங்கி எழுதினர். உறவினர் தோட்டத்துக்குள் வரவேண்டும் என்று 1941இல் கிள்ளானில் கேட்ட உரிமையும், அத்துமீறல் என்று அஞ்சாமல் நடேசய்யர் மலைநாட்டில் நுழைந்த செயலும் ஒரே பொருளுடையவை. மனிதன் மனிதனைச் சென்று காண யாருடைய இசைவும் தேவையில்லை என்பதே அப்பொருள். இவர் நமக்கு யார் என்று இனியும் கேட்கலாமா?

1955ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மலாயாவில் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது, வாக்காளருள் இந்தியர் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவாகவே இருந்தனர். வாக்குரிமை என்பது வானிலிருந்து சொரிவதன்று. கேட்டும் எழுதியும் பதிந்தும் காக்கவேண்டிய செல்வம் என்பதை நம் தோட்டத்து மக்கள் உணர்வதற்குக் காலம் பிடித்தது. குடியுரிமைத் தாள் இல்லாமல் இன்றும் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கும் முதியோர் நம்மிடையே உள்ளனர். அவர்களைக் கண்ட எவரும் மலையக மக்களின் கதையை அயற்கதை என்று ஒதுக்கமாட்டார்.

குழி தோண்டியவர் பெயர்

நம் கோல சிலாங்கூர் வட்டாரத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. இந்நாட்டில் வாணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல்; நடப்பட்ட இடம் நம் தென்னைமரம் தோட்டம். பெயரே தமிழ்ப்பெயர். நட்டவர் ஹென்றி ஃபொக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் என்று நூல்கள் கூறுகின்றன. இந்நாட்டை வைத்து அவர் எழுதிய புதினம் 1930இல் பிரெஞ்சு இலக்கிய உலகின் உயரிய கோன்கூர் பரிசைப் பெற்றது. அவருடைய பெயர் நிலைத்துவிட்டது, நிலைக்கவேண்டியதே. ஆனால், அத்தோட்டத்தின் வெயிலில் குழி தோண்டியவர், கன்று சுமந்தவர், குலை வெட்டியவர் பெயர்கள் எங்கே? துரை எழுதினார், எனவே துரை வாழ்கிறார். தொழிலாளி எழுதவில்லை; அவனுக்காக எழுத வேண்டியவர்களும் எழுதவில்லை.

இலங்கையில் அந்நிலை மாறியதற்குக் காரணம், நடேசய்யர் தாமே எழுதியதோடு, அவரைப் பற்றிப் பிறரும் எழுதியதுதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளையாக வளர்ந்த சாரல்நாடன், பழைய ஏடுகளைத் தேடித் தொகுத்து, 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' என்னும் நூலை 1988இல் எழுதினார். மறைந்து நாற்பதாண்டு கடந்த ஒருவரை மீண்டும் மக்களிடையே உலவவிட்டவர் அரசியல்வாதி அல்லர், எழுத்தாளர். நம் வட்டாரத்தில் அவ்வாறு தேடிச் சென்ற எழுத்தாளர் எத்தனை பேர்? தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, மக்கள் சிறுநகர்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தனர், பள்ளிகளும் இடம் மாறின. முதல் சங்கக் கூட்டத்துக்கு மரத்தடியில் விளக்குப் பிடித்தவர் யார், முதலில் மனு எழுதிக் கொடுத்த கிராணி யார், பெரட்டில் எதிர்த்துப் பேசியதற்காக வேலை இழந்தவர் யார் என்பன சில முதியோர் நினைவில் மட்டும் எஞ்சியுள்ளன. அந்நினைவுகள் ஆண்டுதோறும் சுடுகாட்டுக்குச் சென்றுகொண்டிருக்கின்றன.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

ஆசிரியப் பெருமக்களே! எல்லாருக்கும் தெரிந்த தலைவரைப் பற்றிப் பேசும் மாணவன், எல்லாருக்கும் தெரிந்த தொடர்களையே பேசுவான். அவன் தேடுவதில்லை, மனப்பாடம் செய்கிறான். நாம் மதிப்பெண் போடுகிறோம்; கோப்பை கொடுக்கிறோம்; அவன் மறந்துவிடுகிறான். ஒரு மாணவி தானே ஒரு பழைய நூலைத் திறந்து, எவரும் சொல்லித் தராத ஒருவரைக் கண்டெடுத்து மேடைக்குக் கொண்டுவருகிறாள் எனில், அவளே உண்மையில் கற்றவள். அவளை நோக்கி 'அவர் நமக்கு யார்?' என்று நாம் கேட்கும்போது, அவளுடைய தேடலையே அரும்பில் கிள்ளிவிடுகிறோம். அவள் அடுத்த ஆண்டு காந்தியடிகளைப் பற்றிப் பேசுவாள், நன்றாகவே பேசுவாள், ஆனால் இனிமேல் தேடமாட்டாள்.

ஆகவே, என் வேண்டுகோள் மிகச் சிறியது. வரலாறும் கட்டுரையும் கற்பிக்கும்போது, அரசர்க்கும் பெருந்தலைவர்க்கும் ஒதுக்கும் காலத்தில் பத்தில் ஒரு பங்கை, அவைகளின் கடைசி வரிசையில் அமர்ந்து கடைக்கோடி மக்களுக்காகப் பேசியவர்களுக்கு ஒதுக்குங்கள். நடேசய்யரைச் சொல்லுங்கள், மீனாட்சி அம்மாளைச் சொல்லுங்கள், நம் வீராசாமியைச் சொல்லுங்கள். அவர்களின் சிறப்போடு குறையையும் சொல்லுங்கள். பின்னர், மாணவர்களை வீட்டுக்கு அனுப்பி, தாத்தா பாட்டியிடம் ஒரு வினா மட்டும் கேட்டுவரச் சொல்லுங்கள்: "உங்கள் தோட்டத்தில் துரைக்கு முன் முதன்முதலில் நிமிர்ந்து பேசியவர் யார்?" அவ்விடைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாலே போதும், அது ஒரு பள்ளியின் பெருஞ்செல்வமாகும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் தலைவரை எவரும் உங்களுக்குத் தேர்ந்து கொடுக்கவேண்டியதில்லை. தேடுங்கள். கிடைத்தவரைக் கூசாமல் மேடையேற்றுங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும்.

நடேசய்யர் நமக்கு யார்? நம் பாட்டனார் பேச அஞ்சிய காலத்தில், அவரைப் போன்ற மக்களின் வாயிலில் வந்து அமர்ந்து, "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்றவர். நம் குடும்பத்தில் அப்படிப்பட்ட ஒருவரை நாம் எந்த முறை சொல்லி அழைப்போமோ, அந்த முறைதான் அவர் நமக்கு. அன்று தலை கவிழ்ந்து அமர்ந்த அந்த மாணவி இதனை என்றேனும் படிப்பாளாயின், அவள் அறியவேண்டியது ஒன்று உண்டு: அன்று மேடையில் அவள் சரியாகவே பேசினாள். தவறியவர்கள் கேட்டுக்கொண்டிருந்த நாங்கள்.